பொத்தான் இல்லாத சட்டை

அவள் கணவருடைய சட்டைப் பொத்தானைக் கீழேயிருந்து போட ஆரம்பிப்பாள். அவருக்கு மேலேயிருந்து போட்டுத்தான் பழக்கம். பழைய மனிதராக இருந்தால் இதற்கே ஒரு சண்டை போட்டு, சண்டையின் நடுவில் ஒரு காபியும் கேட்டு வாங்கிக் குடித்திருப்பார். இப்போது சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி முகவாயைத் தூக்கிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுடைய விரல்கள் வயிற்றிலிருந்து மார்புக்கும், மார்பிலிருந்து கழுத்துக்கும் ஏறின. கடைசிப் பொத்தானில் விரல் முகவாயில் உரசியது. "ஷேவ் பண்ணிவிடட்டுமா?" என்றாள். "வேண்டாம்" என்றார். அன்றைய காலைப் பேச்சு அதோடு முடிந்தது.

அவர் கடைகளுக்கு அடையாளச் சின்னம் வரைகிறவர். லோகோ என்று ஊரே சொன்னாலும் அவர் மட்டும் அடையாளம் என்றே சொல்வார். வரைவது அவர். நிறம் போடுவதும், கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு" என்று கேட்கும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவதும் அவள். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அந்தத் தெருவில் சாவிக்கடை, ரொட்டிக்கடை, குடைக்கடை என்று எதை நிமிர்ந்து பார்த்தாலும் அவர் கோடுதான். அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பொருளையும் உபயோகித்துப் பார்க்காமல் வரைய மாட்டார். குடைக்கடைக்கு வரையும்போது அவர்கள் கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் அரை மணி நேரம் நின்றார். பிறகு குடையை மடக்கிவிட்டும் கொஞ்ச நேரம் நின்றார். "வித்தியாசம் தெரிய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் தும்மினார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் தானாக எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி, மருந்து, பயிற்சி எல்லாம் ஆயிற்று. பேச்சு திரும்பி வந்தது, கால் திரும்பி வந்தது. வலது கை மட்டும், கோபித்துக்கொண்டு போன சம்பந்தி மாதிரி, எத்தனை கூப்பிட்டும் வருவேனா என்றது. அமுக்கிப் பழகச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்தை அவர் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டார். "பென்சிலையெல்லாம் தூக்கிப் போடு" என்றார். வரைகிற மேசையைப் பின்னறைக்குத் தள்ளச் சொன்னார். அவள் அதன்மேல் போர்வையை விரித்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். யாராவது வேலை கேட்டு வந்தால் அவர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவள் முன்னறையில் நின்று, இப்போது எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லியனுப்புவாள்.

சின்ன ஊசி வந்த அன்று மட்டும் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

சின்ன ஊசி என்பது அவர் வைத்த பெயர். இந்தோனேசியாவிலிருந்து ஒரு தமிழ்ப் பையனைக் கட்டிக்கொண்டு வந்த தையல்காரப் பெண். ஆள் குள்ளம், பேச்சு சுருக்கென்று இருக்கும். தையல் கூடத்தில் பத்துப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் மரியாதையும் வம்பும் ஒன்றாகவே வரும். சில வருடங்களுக்கு முன்னால் அவளுடைய தையல் கடைக்குப் பலகை எழுதிக் கொடுத்தவர் இவர்தான். இப்போது அவள் சொந்தமாகத் துணி தைத்து விற்கப் போகிறாளாம். கழுத்துப் பட்டையில் வைத்துத் தைக்கிற லேபிளுக்கு ஓர் அடையாளம் வேண்டும். விரல் நகத்தளவுதான் இடம்.

"பேர் வேண்டாம்க்கா. என் பேரை எல்லாரும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. படம் மட்டும் போதும். எங்க ஊர் உடுப்பு மாதிரி ஏதாவது இருக்கணும், ஆனா அதைப் பாத்து யாரும் டான்ஸ் டிரெஸ்ஸான்னு கேக்கக் கூடாது. ஐயாதானே வரைவாங்க?"

இந்தக் கேள்விக்கு அக்காவின் தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்று ஆடியது. ஆடிய தலையை இழுத்துப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

பிறகென்ன, அவர் பகலில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம் அவளுக்கு வேலை நேரமாயிற்று. திருட்டுத்தனமாக வரைந்தாள். கணவன் தூங்கும்போது திருட்டுத்தனமாகச் சினிமா பார்க்கிற பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள், திருட்டுத்தனமாக வேலை பார்க்கிறவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் ஊர்ச் சாயத்துணியான பாத்திக்கில் வருகிற பூவைப் பார்த்து ஒரு பூ வரைந்து அனுப்பினாள். "இது எங்க ஊர் பிஸ்கட் டப்பா மேல இருக்கும்க்கா" என்று பதில் வந்தது. துணியின் அலைக்கோடுகளை எடுத்து ஒரு சிறகு போல வளைத்து அனுப்பினாள். "இது விமானத்தோட வால்ல இருக்கற மாதிரி இருக்கு. ஐயாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

அதன்பிறகுதான் சின்ன ஊசி ஒரு துணிப்பையோடு நேரில் வந்தாள். உள்ளே அவளுடைய அம்மாவின் கெபாயா இருந்தது. முன்பக்கம் முழுக்கத் திறந்த, நீளக் கையுள்ள, மெல்லிய மேல்சட்டை. வெளிறிய பச்சை நிறம். விளிம்பெல்லாம் ஊசிவேலைப் பூக்கள். அம்மா இப்போது குண்டாகிவிட்டாளாம், எனக்கு இனி வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாளாம். "பாத்தீங்களா, இதுக்குப் பட்டனே கிடையாது" என்றாள். பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். அதில் மூன்று தங்க நிற ஊக்குகள் ஒரு மெல்லிய சங்கிலியால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன. ஒன்று பெரிது, மற்ற இரண்டும் சிறியவை. "இதைக் குத்தித்தான் மூடணும். பெருசு மேல வரும். எங்க வீட்டுல அதுக்கு அம்மான்னு பேர். சின்னது ரெண்டும் பிள்ளைங்க." போகும்போது வாசலில் நின்று, "ஐயாவோட பழக்கம் எனக்குத் தெரியும். யாரையாவது போடச் சொல்லிப் பாக்கணும்னா பாக்கட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

போட்டுப் பார்க்கவெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. இஸ்திரி மேசையில் சட்டையை விரித்து, ஊக்குகளை மேலிருந்து கீழாக நேராக வைத்து, அவர் எழுந்திருப்பதற்குள் வரைந்து முடித்தாள். மூன்று வட்டங்கள், நடுவில் விறைப்பான இரண்டு கோடுகள். சுத்தமாக இருந்தது. நகத்தளவுக்குச் சுருக்கினாலும் அழியவில்லை. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அனுப்பிவிட்டு, பையை அவருடைய சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் மாலை அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் சமையலறையில் உட்கார்ந்து இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் சிணுங்கியது. கையெல்லாம் சோப்பு நுரை. முழங்கையால் தட்டினாள். சின்ன ஊசி பேசி அனுப்பியிருந்த செய்தி சமையலறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, ஐயா அனுப்புன படம் பாத்தேன். நல்லா சுத்தமா இருக்கு. ஆனா பாத்தா மனசுக்கு ஒண்ணும் ஆகலை. ஐயா கை இப்படி இருக்காதே? தப்பா நினைச்சுக்காதீங்க. நாளைக்குக் காலைல வந்து அம்மா சட்டையை வாங்கிக்கறேன். அப்படியே ஐயாவையும் ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

ஸ்பூன் தட்டில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள்.

"எந்தப் படம்?" என்றார்.

அவள் சொன்னாள். தலை ஆடியதிலிருந்து விமானத்தின் வால் வரை எல்லாவற்றையும் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் முடித்த பிறகு, "நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?" என்று கேட்டார். கத்திக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். நிஜமாகவே தெரியாமல் கேட்பது போலக் கேட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவரை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவள் இல்லை அவள். அவர் பெயரில் ஒரே ஒரு வேலை இந்த வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டால், அதன் பின்னாலேயே அவரும் வெளியே வந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. அவருக்கு வலது கை போனதுகூட அவளுக்குப் பெரிதில்லை. குளிப்பாட்டுவதோ பொத்தான் போடுவதோ பாரமும் இல்லை. தன் எதிரில் உட்கார்ந்து, "நீ போட்ட நீலம் நல்லால்லை" என்று மூஞ்சியைச் சுளிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வேண்டும். அவர் இல்லாத வீட்டில் அவருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பது போலிருந்தது அவளுக்கு. இதையெல்லாம் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். முப்பது வருடமாகச் சொல்லாமலே குடும்பம் நடத்திப் பழகிவிட்டதால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

விளக்குப் போடும் நேரத்துக்குக் கதவு திறந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காட்டு."

அவள் போனை நீட்டினாள். அவர் அதை இடது கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். பிறகு தலைகீழாகத் திருப்பினார்.

"சிக்னல் லைட்டு மாதிரி இருக்கு" என்றார்.

அழுது வீங்கிய முகத்தோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"இதை என் பேர்ல குடுக்கப் போனியா?"

"குடுத்துட்டேன்."

"அடிப்பாவி!"

அந்த ஒரு சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அவள் சிவப்பை அதிகமாகப் போட்டுவிட்டால் அடிப்பாவி. காபியில் சர்க்கரை மறந்தால் அடிப்பாவி. கல்யாணமான புதிதில் காது கூசியது, பிறகு அது அவளுடைய பெயராகவே ஆகிவிட்டது. பிரஷ் நழுவிய நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி அவர் அவளை அழைக்கவேயில்லை. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போட்டுப் பாத்தியா?"

"எதை?"

"அந்தச் சட்டையைத்தான். வேற எதை?"

"அந்தப் பொண்ணோட அம்மா சட்டையை நான் எப்படிங்க போடறது? முழங்கையிலயே நின்னுடும்."

"போடாம எப்படித் தெரியும்?" என்று எரிச்சலாகக் கேட்டுவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். அவருடைய எரிச்சலை அவள் இரவு முழுக்கப் புரண்டு புரண்டு நினைத்துக்கொண்டாள்.

காலையில் அவர் குளித்துவிட்டு வந்தார். அவள் சட்டையை மாட்டிவிட்டு, வழக்கம்போலக் கீழ்ப் பொத்தானுக்குக் குனிந்தாள். அவர் முகவாயைத் தூக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இரு. முதல்ல நீ அதைப் போடு" என்றார்.

"அவ வந்துடுவாளே."

"வரட்டும்."

அவள் பையை எடுத்துவந்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரவிக்கைமேல் அந்தப் பச்சைச் சட்டையில் ஒவ்வொரு கையாக நுழைத்தாள். தோள் பிடித்தது. பயந்தபடி முழங்கையில் நிற்கவில்லை என்றாலும், முன்பக்கத்து இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு தள்ளியே நின்றன. மூச்சை உள்ளே இழுத்து, இரண்டு கையாலும் இரண்டு விளிம்பையும் பிடித்து இழுத்தால்தான் அவை தொட்டுக்கொண்டன. கண்ணாடியில் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அழகாகவும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"ஊக்கை எப்படிக் குத்தறது? என் கை ரெண்டும் இங்க இருக்கு."

அவர் தன் இடது கையைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். அந்த அறையில் வேலைக்கு உதவும் கைகள் மொத்தம் மூன்று. இரண்டு துணியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவர் பெட்டியைத் திறந்து பெரிய ஊக்கை எடுத்தார். எடுத்தவுடன் நழுவியது. சங்கிலி விரலில் மாட்டிக்கொண்டதால் மூன்றும் கீழே விழாமல் தொங்கின. மறுபடி எடுத்தார். விளிம்பு இரண்டையும் சேர்த்து ஊசியை நுழைத்து, மறுபக்கம் வெளியே எடுத்து, கொக்கியில் மாட்ட வேண்டும். இடது கைக்கு அது சாதாரண வேலை இல்லை. ஊசி துணியைத் தாண்டி எங்கேயோ போயிற்று. அவள் உதட்டைக் கடித்தாள்.

"குத்திட்டேனா?"

"இல்லையே."

"பொய்."

"ஆமா, பொய்தான். நான் சொல்ற பொய் உங்களுக்குப் புதுசா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். பந்தை சோபாவுக்கு அடியில் உருட்டிய அன்று இருந்த முகம். இப்போது திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அந்தக் கதவு இனித் திறக்காது என்று அவளுக்குத் தோன்றியது. "குத்துனா குத்துது, போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அவர் அசையவில்லை. "தினம் நான் உங்களுக்குப் போடலையா? ஒரு நாள் நீங்க எனக்குப் போட்டா என்ன?" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

அவர் மறுபடியும் கிட்டே வந்தார். அவருடைய தலை அவளுடைய முகவாய்க்குக் கீழே குனிந்தது. ஈரத் தலையில் சோப்பு வாசனை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் இவர் கூரையில் எதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருக்கிறாள். பார்க்க ஒன்றும் இல்லைதான். ஒருவர் நமக்காகப் படும் பாட்டைப் பார்க்க முடியாமல் கண்ணை அங்கே அனுப்பிவைக்கிறோம், அவ்வளவுதான். டிக் என்று சின்னச் சத்தம் வந்தது. கொக்கி மாட்டிக்கொண்டது.

இரண்டாவது ஊக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. ஆனால் நேராக விழவில்லை, கொஞ்சம் சாய்ந்து, அவளுடைய உடம்பு இடம் கொடுத்த பக்கமாகப் போய் உட்கார்ந்தது. பொத்தான் என்றால் அதன் ஓட்டை எங்கே என்று தைத்தவர் முன்கூட்டியே முடிவு செய்திருப்பார். இதற்கு அப்படி யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை.

அவர் ஓரடி பின்னால் போய்ப் பார்த்தார். "மூச்சு விடு" என்றார்.

"விட்டா பிச்சுக்கும்."

"பிச்சுக்காது. விடு."

அவள் விட்டாள். மார்பு ஏறி இறங்கியது. பெரிய ஊக்குக்கும் சின்ன ஊக்குக்கும் நடுவில் தளர்ந்து தொங்கிய சங்கிலி கூடவே ஏறி இறங்கி, வெளிச்சத்தில் ஒரு தரம் மின்னியது. அவருடைய இடது கண் சுருங்கியது. ஒரு கோடு எங்கே வளைய வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கண் அப்படித்தான் சுருங்கும். இனி அதைப் பார்க்கப்போவதில்லை என்று அவள் எப்போதோ தனக்குள் எழுதி மூடிவிட்டிருந்தாள்.

"நீ சங்கிலியை விறைப்பா இழுத்துட்ட" என்றார், விரலால் காற்றில் இரண்டு தொய்வான வளைவு போட்டுக் காட்டி. "அது கட்டிப்போடற சங்கிலி இல்ல. ஒண்ணு அசைஞ்சா இன்னொண்ணுக்குத் தெரியணும், அதுக்குத்தான். தொங்கணும். அப்புறம், அம்மா இவ்வளவு குண்டா இருக்க வேண்டாம்."

"யாரைச் சொல்றீங்க?"

"ஊக்கைச் சொல்றேன்." மூக்கால் சிரித்தார். "நகத்தளவு லேபிள்ல பெருசு சின்னதை முழுங்கிடும். பென்சில் எங்க?"

"கரண்டி டப்பாவுல."

"கரண்டி டப்பாவுலயா?"

"தூக்கிப் போடச் சொன்னீங்க. மனசு வரலை."

"போய் எடுத்துட்டு வா."

"எப்படி வர்றது? இன்னும் ஒண்ணு குத்தணும். கையை விட்டா கீழ எல்லாம் திறந்துக்கும்."

அப்போது அழைப்பு மணி அடித்தது. "அக்கா!" என்று வாசலில் சின்ன ஊசியின் குரல். அவள் பதறிப்போய்த் தன்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அடுத்தவர் அம்மாவின் சட்டையைப் பாதி மாட்டிக்கொண்டு அவள் நிற்கிறாள், தன் சட்டையின் பொத்தான் ஒன்றுகூடப் போடாமல் அவர் நிற்கிறார். வழக்கப்படி அவர் இந்நேரம் பின்னறைக்கு நடந்திருக்க வேண்டும். அவள் அதற்காக ஒதுங்கி வழிகூட விட்டாள். அவர் நகரவில்லை.

"இரும்மா, வர்றோம்!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நெடுநாளாக உயராத குரல், பாதியில் கரகரத்தது.

வெளியே சத்தம் நின்றுவிட்டது. யார் குரல் என்று தெரிந்திருக்கும். அவர் மறுபடியும் அவள்முன் குனிந்தார். மூன்றாவது ஊக்கு சங்கிலியின் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்தாள். மூச்சைப் பிடிக்கவில்லை. ஆட்டம் அடங்கட்டும் என்று அவர் கையை ஏந்தியபடி காத்திருந்தார். அவள் மூச்சு விட விட அது ஆடிக்கொண்டேயிருந்தது.